எஞ்சினுக்கு ஏற்ற எண்ணெய்

(சுங்கை காடுட் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் சிறியதாகத் தோன்றலாம். மோட்டார் சைக்கிளுக்கோ காருக்கோ எவ்வகை எஞ்சின் எண்ணெயை வாங்குவது என்பதே அப்பொருள். ஆயினும் தோட்டத்தில் வாழும் ஒரு குடும்பத்திற்கு மோட்டார் சைக்கிள் எத்துணை இன்றியமையாதது என்பதை எண்ணிப் பார்த்தால், இது சிறிய பொருள் அன்று என்பது விளங்கும். பொழுது புலருமுன் பெரட்டுக்குச் செல்வதும், வெட்டுக் காட்டிற்குச் செல்வதும், பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும், முதியோரைச் சிரம்பான் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும் அவ்வண்டியே. இங்குள்ள துவாங்கு ஜாஃபார் தொழிற்பேட்டையில் இரவு வேலை பார்க்கும் நம் இளைஞர்களுக்கும் அதுவே துணை. அவ்வண்டி நின்றுவிட்டால் அன்றைய கூலியும் நின்றுவிடும். பழுது பார்க்கும் செலவோ மாதச் சம்பளத்தில் ஒரு பெரும் பகுதியை விழுங்கிவிடும்.

எஞ்சின் கெடுவதற்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் நம்மால் எளிதில் தடுக்கக்கூடியது எண்ணெய்க் கோளாறு ஆகும். தகாத எண்ணெய், குறைந்த எண்ணெய், மாற்றப்படாத எண்ணெய் என்னும் மூன்றும் சேர்ந்து நல்ல எஞ்சினையும் வீணாக்கிவிடுகின்றன. இவற்றைத் தவிர்க்கும் வழிகளை இனிக் காண்போம்.

எண்ணெய் செய்யும் வேலை

அக்காலத்தில் மாட்டு வண்டி வைத்திருந்த நம் முன்னோர் அச்சுக்கு மசகிடாமல் வண்டியை ஓட்டியதில்லை. ஆமணக்கெண்ணெயின் பயனை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். மோட்டார் வண்டிகள் தோன்றிய தொடக்கக் காலத்திலும் அவ்வெண்ணெய் எஞ்சினுக்குப் பயன்பட்டது. இங்கிலாந்தில் வேக்ஃபீல்டு என்பவர் 1899 இல் தொடங்கிய நிறுவனம் பிற்காலத்தில் தன் எண்ணெய்க்கு 'கேஸ்ட்ரால்' எனப் பெயரிட்டது. ஆமணக்கெண்ணெய்க்குரிய ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்ததே அப்பெயர்.

இன்றைய எஞ்சின் எண்ணெய் அச்சு மசகைவிடப் பல வேலைகளைச் செய்கிறது. உலோகமும் உலோகமும் நேரே உரசாதவாறு இடையே மெல்லிய படலமாக நிற்கிறது. வெப்பத்தை வாங்கிக் கொண்டு வெளியேற்றுகிறது. எரிபொருளின் கரியையும் தேய்மானத் துகளையும் கழுவித் தன்னுள் சுமந்து கொள்கிறது. துருப் பிடிக்காமலும் காக்கிறது. ஊற்றிய சில நாள்களிலேயே எண்ணெய் கறுத்துவிட்டால், "இது மட்டமான சரக்கு" என்று சிலர் கருதுவர். அவ்வாறு கருத வேண்டியதில்லை. எண்ணெய் தன் கழுவும் வேலையைச் செய்கிறது என்பதற்கும் அந்நிறம் அடையாளமாகலாம். நிறத்தை மட்டும் கொண்டு எண்ணெயின் தரத்தை முடிவு செய்தல் கூடாது.

மோட்டார் சைக்கிளும் காரும் ஒன்றல்ல

நம் பேச்சின் தலையாய கருத்து இதுவே. எனவே சற்றுக் கூர்ந்து கேட்க வேண்டுகிறோம்.

ஹோண்டா நிறுவனம் 1958 இல் சூப்பர் கப் என்னும் வண்டியை ஜப்பானில் வெளியிட்டது. அதே ஆண்டில் பினாங்கைச் சேர்ந்த தொழிலதிபர் லோ பூன் சியூ ஹோண்டா மோட்டார் சைக்கிள்களை மலாயாவிற்குக் கொண்டுவரும் உரிமையைப் பெற்றார். அவ்வழி வந்த வண்டிகளே நம் நாட்டில் 'கப்சாய்' என்னும் செல்லப் பெயரைப் பெற்றன. 1987 முதல் விற்பனைக்கு வந்த ஈ.எக்ஸ்.5 வண்டியை அறியாத தோட்டமே இல்லை எனலாம்.

இவ்வகை வண்டிகளில் எஞ்சின், கியர், கிளச் ஆகிய மூன்றும் ஒரே எண்ணெயில் மூழ்கியிருக்கின்றன. கையால் பிடிக்கும் கிளச் இல்லாத கப் வண்டியிலும் உள்ளே கிளச் உண்டு. அதுவும் எண்ணெயில் நனைந்தே வேலை செய்கிறது. காரில் அவ்வாறன்று. காரின் எஞ்சினுக்கு ஓர் எண்ணெய். கியர்ப் பெட்டிக்கு வேறோர் எண்ணெய். கையால் கியர் மாற்றும் காரில் கிளச் தகடு பெரும்பாலும் உலர்ந்தே இருக்கும்.

இவ்வேறுபாட்டால் விளைவது யாது? இக்காலக் கார் எண்ணெய்கள் பலவற்றில் பெட்ரோலைச் சிக்கனப்படுத்துவதற்காக உராய்வைக் குறைக்கும் மருந்துகள் சேர்க்கப்பட்டுள்ளன. காருக்கு அது நன்மையே. ஆனால் மோட்டார் சைக்கிளின் கிளச் தகடுகள் ஒன்றையொன்று பற்றிப் பிடிப்பதற்கு உராய்வு தேவை. உராய்வு குறைந்தால் தகடுகள் வழுக்கும். எஞ்சின் இரைந்து சுழலும். வண்டி மட்டும் அதற்கேற்ப விரையாது. மலைச்சரிவில் பால் வாளியுடன் ஏறும்பொழுது வண்டி தயங்கும். பெருஞ்சாலையில் ஒரு லாரியை முந்த முற்படும் வேளையில் வேகம் கிட்டாமற் போகும். நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போருள் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோரே. பின்னிருக்கையில் பிள்ளையை ஏற்றிச் செல்லும் தந்தைக்குக் கிளச் வழுக்குதல் வெறும் செலவுக் கணக்கு மட்டுமன்று.

"காருக்கு வாங்கிய எண்ணெயில் மிச்சம் இருக்கிறது, அதை மோட்டார் சைக்கிளில் ஊற்றிவிடலாம்" என்னும் எண்ணத்தை ஆகவே கைவிட வேண்டும். காரின் விலையுயர்ந்த எண்ணெய் மோட்டார் சைக்கிளுக்கு இன்னும் சிறந்தது என்னும் கருத்தும் தவறானதே.

போத்தலில் பார்க்க வேண்டிய மூன்று குறிகள்

கடைக்குச் சென்று 'மிஞ்ஞாக் ஹித்தாம்' என்று மலாயில் கேட்டு, கடைக்காரர் கொடுத்ததை வாங்கி வருவது நம்மிடையே வழக்கமாக உள்ளது. இனி போத்தலைத் திருப்பிப் பார்த்து வாங்குவோம். அதில் மூன்று குறிகள் இருக்கும். ஆங்கில எழுத்துகளும் எண்களுமாகிய அவற்றை நம் வீட்டுப் பிள்ளைகள் படித்துச் சொல்லவும் இயலும்.

முதலாவது, எஸ்.ஏ.இ. என்னும் குறியை அடுத்து வரும் எண். இஃது எண்ணெயின் தடிமனைக் குறிக்கும். அமெரிக்காவின் மோட்டார்ப் பொறியாளர் சங்கம் 1911 இல் இவ்வகைப்பாட்டைத் தொடங்கியது. '10 டபிள்யூ 40', '20 டபிள்யூ 50' என்பன போன்று இரண்டு எண்கள் இருக்கும். 'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து. அதற்கு முன் உள்ள எண், கடுங்குளிரில் எண்ணெய் எவ்வாறு ஓடும் என்பதைக் காட்டுகிறது. பனி பெய்யும் நாடுகளுக்கு அது பெரிதும் முக்கியம். 10 டபிள்யூ எண்ணெய் உறைநிலைக்கும் 25 பாகை கீழே சோதிக்கப்படுகிறது. நெகிரி செம்பிலானின் தாழ்நிலத் தோட்டங்களிலோ வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்குவதே அரிது. ஆதலால் முதல் எண்ணால் நமக்கு ஏற்படும் வேறுபாடு சிறியதே.

இரண்டாவது எண், 100 பாகை வெப்பத்தில் எண்ணெயின் தடிமனைக் காட்டும். ஓடிச் சூடேறிய எஞ்சினில் எண்ணெய் எவ்வாறிருக்கும் என்பதை அறிவிப்பது அதுவே. நாம் கருத்தூன்றிப் பார்க்க வேண்டிய எண்ணும் அதுவே. நூல் 40 என்று கூறும் வண்டிக்கு 20 ஊற்றினால் படலம் மெலிந்து தேய்மானம் மிகும். 30 என்று கூறும் வண்டிக்கு 50 ஊற்றினால் எண்ணெய் மெல்லவே மேலே ஏறும், எஞ்சின் இழுக்கும், பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும். தடித்த எண்ணெயே எஞ்சினுக்கு வலிமை தரும் என்று பொதுவாகக் கூறிவிட முடியாது.

இரண்டாவது குறி ஏ.பி.ஐ. என்பது. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் வகுத்த தர வரிசை இது. பெட்ரோல் எஞ்சினுக்குரிய தரங்கள் 'எஸ்' என்னும் எழுத்திலும், டீசல் எஞ்சினுக்குரியவை 'சி' என்னும் எழுத்திலும் தொடங்கும். அடுத்து வரும் எழுத்து முன்னேற முன்னேறத் தரம் புதியது என்று பொருள். 1980 இல் எஸ்.எஃப்., 2001 இல் எஸ்.எல்., 2020 இல் எஸ்.பி. என வந்தன. ஹோண்டாவின் கையேடுகள் பலவற்றில் 'எஸ்.ஜி. அல்லது அதற்கு மேற்பட்ட தரம்' என்று எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். அதே இடத்தில் 'எனர்ஜி கன்சர்விங்', 'ரிசோர்ஸ் கன்சர்விங்' என்று பொறித்த எண்ணெய்களை விலக்குமாறும் அவை கூறுகின்றன. சிக்கன எண்ணெய் என்பது இச்சொற்களின் பொருள். ஏ.பி.ஐ. வட்ட முத்திரையின் கீழ்ப்பகுதியில் இச்சொற்கள் இருந்தால், அது மோட்டார் சைக்கிளுக்கு உரியதன்று என அறியலாம்.

மூன்றாவது குறி ஜாசோ என்பது. மேற்சொன்ன கிளச் தொல்லையை நீக்கும் பொருட்டு, ஜப்பானில் 1998 இல் மோட்டார் சைக்கிள் எண்ணெய்க்கென டி 903 என்னும் தர விதி வகுக்கப்பட்டது. இதில் 'எம்.ஏ.' என்பது கிளச் நன்கு பற்றுவதற்குரிய எண்ணெய். 2006 முதல் அஃது எம்.ஏ.1, எம்.ஏ.2 என மேலும் பிரிக்கப்பட்டது. 'எம்.பி.' என்பது உராய்வு குறைந்த எண்ணெய். கியர் மாற்றத் தேவையில்லாத, வார்ப்பட்டையால் இயங்கும் ஸ்கூட்டர்களில் கிளச் உலர்ந்திருப்பதால் அவற்றிற்கு எம்.பி. பொருந்தும். கப் வண்டிக்கும், கியர் உள்ள மற்ற வண்டிகளுக்கும் எம்.ஏ. வகையே உகந்தது. இரண்டு எழுத்துகளே ஆயினும் நினைவில் இருத்த வேண்டிய எழுத்துகள் இவை.

டூ-டி எண்ணெய் வேறு

முன்னாளில் தோட்டங்களில் ஓடிய யமஹா, சுசுகி வண்டிகள் பல இரண்டடி எஞ்சின் உடையவை. அவற்றுள் சில இன்றும் ஓடுகின்றன. புல் வெட்டும் இயந்திரங்களும் மரம் அறுக்கும் சங்கிலி வாள்களும் பெரும்பாலும் அவ்வகையே. இவற்றில் எண்ணெய் பெட்ரோலுடன் கலந்து எரிந்து போகிறது. எனவே எரிந்த பின் கசடு மிகாத தனி எண்ணெய் தேவை. போத்தலில் '2 டி' என்று எழுதியிருக்கும். அதிலும் ஜாசோ எஃப்.சி. அல்லது எஃப்.டி. எனப் பொறித்தவை புகை குறைந்தவை. கலவை அளவு இயந்திரத்திற்கு இயந்திரம் மாறுபடும். அதனதன் நூலில் உள்ளவாறே கலக்க வேண்டும். 4 டி எண்ணெயைப் பெட்ரோலில் கலத்தலும், 2 டி எண்ணெயைக் கப் வண்டியின் எஞ்சினில் ஊற்றுதலும் கேட்டை விளைவிக்கும்.

கார் வைத்திருப்போர்க்கு

1985 ஜூலைத் திங்களில் புரோட்டோன் சாகா வெளிவந்தது. 1994 இல் பெரோடுவா கஞ்சில் வந்தது. அதன் பிறகு தோட்டத்துக் குடும்பங்கள் பலவும் கார் வாங்கத் தொடங்கின. பழைய சாகாவிற்கும் இன்றைய புதிய காருக்கும் ஒரே எண்ணெய் பொருந்தாது. அண்மைக் காலத்துக் கார்கள் பல '0 டபிள்யூ 20', '5 டபிள்யூ 30' போன்ற மெல்லிய எண்ணெய்க்கெனவே நுண்ணிய இடைவெளிகளுடன் செய்யப்பட்டவை. "தண்ணீர் போல் இருக்கிறதே" என்று அஞ்சித் தடித்த எண்ணெய் ஊற்றுதல் வேண்டா. அதுபோலவே, தேய்ந்த பழைய எஞ்சினில் மெல்லிய புதிய எண்ணெயை ஊற்றினால் அது விரைவில் எரிந்து குறையக்கூடும். இரண்டிலும் உற்பத்தியாளர் தந்த நூலே நமக்கு வழிகாட்டி. நூல் தொலைந்திருந்தால், அந்நிறுவனத்தின் விற்பனை நிலையத்தில் வண்டியின் பெயரையும் ஆண்டையும் கூறிக் கேட்டறியலாம்.

விலையா, காலமா?

எண்ணெயில் கனிம எண்ணெய், பாதிச் செயற்கை, முழுச் செயற்கை என மூவகை உண்டு. முழுச் செயற்கை எண்ணெய் வெப்பத்தை நெடுநேரம் தாங்கும், விலையும் மிகுதி. அதனை வாங்க இயலாதவர் வருந்த வேண்டியதில்லை. குறிகள் பொருந்திய சாதாரண எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுகிறவரின் எஞ்சின், உயர்ந்த எண்ணெயை ஊற்றிவிட்டு ஆண்டுக்கணக்கில் மறந்துவிடுகிறவரின் எஞ்சினைவிட நீடித்து உழைக்கும்.

சிறிய கப் வண்டி ஒன்றில் ஊற்றும் எண்ணெய் சுமார் 700 மில்லி லிட்டரே. அதில் 200 மில்லி லிட்டர் எரிந்து குறைந்தாலும் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது என்பது பொருள். பழைய கப் வண்டிகளில் காரில் இருப்பது போன்ற காகித வடிகட்டியும் இல்லை. எனவே அழுக்கை எண்ணெயே பெரிதும் சுமக்க வேண்டியுள்ளது. தோட்டத்துச் செம்மண் புழுதியும், சேறும், சுமையோடு மெல்ல ஏறும் மேடுகளும், எஞ்சின் நன்கு சூடேறுமுன் நின்றுவிடும் குறுந்தூர ஓட்டமும் எண்ணெயை விரைவில் கெடுக்கும். ஆதலால் நூலில் கூறிய தூரம் முடியும் வரை காத்திராமல், சற்று முன்னதாகவே மாற்றுவது நமக்கு நல்லது.

வாரம் ஒரு முறை எண்ணெய் அளவைப் பார்ப்பதை வழக்கமாக்கிக் கொள்ள வேண்டும். வண்டியைச் சமதரையில் நடுத்தாங்கியில் நிறுத்தி, எஞ்சினைச் சில நிமிடம் ஓட்டி அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் பொறுக்க வேண்டும். பின்பு அளவுக் குச்சியைத் துடைத்து உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். ஹோண்டா கப் வண்டியில் அக்குச்சியைத் திருகாமல் வெறுமனே வைத்துப் பார்ப்பதே முறை. எண்ணெய் இரண்டு கோடுகளுக்கும் இடையே இருத்தல் வேண்டும். மேற்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தீங்கே.

வெள்ளத்தில் வண்டி மூழ்கிய பின் எண்ணெய், பால் கலந்த காப்பி போல் வெளுத்திருந்தால் அதில் நீர் புகுந்துள்ளது என்று பொருள். அந்நிலையில் எஞ்சினை இயக்கவே கூடாது. எண்ணெயை வடித்துவிட்டு, பட்டறையில் காட்டிய பின்னரே ஓட்ட வேண்டும்.

போலியை அறிதல்

புகழ்பெற்ற பெயர்களைப் போட்டுப் போலி எண்ணெய் விற்பவர்களும் உளர். பழைய போத்தல்களைச் சேர்த்து மீண்டும் நிரப்பி விற்பதும் நடப்பதுண்டு. ஆகவே அறிமுகமான கடையில் வாங்குதல் நன்று. மூடியின் வளையமும் உள் முத்திரையும் உடையாதிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பட்டறையில் மாற்றும்பொழுது போத்தலை நம் கண்முன் திறக்குமாறு கேட்பது நம் உரிமை. ரசீதையும் கேட்டு வாங்கி வைத்துக் கொள்ளலாம். காலிப் போத்தலில் துளையிட்டு எறிந்தால் அது மீண்டும் போலிக்குப் பயன்படாது. பொய்யான வணிக விவரம் இட்டுப் பொருள் விற்பது 2011 ஆம் ஆண்டு வணிக விவரச் சட்டப்படி குற்றமாகும். ஐயம் எழுந்தால் உள்நாட்டு வர்த்தக அமைச்சின் சிரம்பான் அலுவலகத்தில் முறையிடலாம். ஒருவர் தரும் முறையீடு ஊரார் பலருக்குப் பாதுகாப்பாகும்.

கழித்த எண்ணெயைக் கொட்டாதீர்

இறுதியாக ஒன்று. வடித்தெடுத்த பழைய எண்ணெயைக் கால்வாயில் ஊற்றுவதும், கறையானுக்கென வீட்டுத் தூண்களில் பூசுவதும், குப்பையோடு எரிப்பதும் தீய பழக்கங்கள். கழித்த எண்ணெயில் உலோகத் துகளும் நச்சுப் பொருள்களும் கலந்துள்ளன. நாம் கால்வாயில் விடும் எண்ணெய் ஓடைகளின் வழியே ஆற்றில் கலந்து, கீழே வாழும் மக்களின் நீரைக் கெடுக்கும். 2005 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிகள் கழித்த மசகெண்ணெயை நச்சுக் கழிவுகளின் பட்டியலில் சேர்த்துள்ளன. அதனை மூடியுள்ள பழைய கலன் ஒன்றில் சேர்த்து, கழிவெண்ணெய் ஏற்கும் பட்டறையிடம் ஒப்படைப்பதே முறை. கையில் பட்டதைச் சவுக்காரத்தால் உடனே கழுவ வேண்டும். பிள்ளைகள் தொடாதவாறு காக்கவும் வேண்டும்.

தோழர்களே! நாம் கூறியவற்றை நிறைவேற்றப் பெருஞ்செலவு இல்லை. இன்று வீடு திரும்பியதும் வண்டியின் நூலைத் தேடி எடுங்கள். அதில் உள்ள மூன்று குறிகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். கடைசியாக எண்ணெய் மாற்றிய நாளையும், மீட்டரில் உள்ள கிலோமீட்டர் எண்ணையும் அதனடியில் குறியுங்கள். அத்தாளை ஒரு நெகிழிப் பையில் இட்டு இருக்கையின் அடியில் வைத்துவிடுங்கள். அடுத்த முறை கடைக்குச் செல்லும்பொழுது அதனைக் கடைக்காரரிடம் காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத முதியவர் எவரேனும் பக்கத்து வீட்டில் இருப்பின், அவருடைய வண்டிக்கும் அவ்வாறே ஒரு தாள் எழுதிக் கொடுங்கள்.

உங்கள் வண்டிகள் பழுதின்றி ஓடவும், நீங்கள் யாவரும் நலமே சென்று நலமே வீடு திரும்பவும் விழைந்து விடைபெறுகிறோம்.